கூப்பிடு தூரம்

அந்த இரவைப் பற்றி என் குறிப்பேட்டில்
ஒரே வரிதான் இருக்கிறது:
"ஏழு ஐம்பது. மிக அழகு."

லிமாவுக்குக் கிழக்கே, புல்கூட முளைக்காத பள்ளத்தாக்கில்
ஆயிரக்கணக்கான கம்பிகளை
வானம் பார்க்கக் கிடத்தியிருக்கிறோம்.
எளிய வேலை.
மேலே ஒரு துடிப்பை எறிவோம்,
திரும்பி வருவது எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்று
விடிய விடிய எண்ணுவோம்.

இரண்டு நாள் முன்பு சூரியன்
மின்னேறிய புழுதியை ஒரு கை அள்ளி வீசியிருந்தது.
பூமியின் காந்தவேலியில் அது வந்து மோதியபோது
துருவத்துப் பக்கம் பச்சையும் சிவப்புமாய் வானம் ஆடியதாம்.
நோர்வேக்காரர்கள் படம் அனுப்பினார்கள்.
எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.
காந்த நடுக்கோட்டுக்கு மேலே வானம் கறுப்பாகவே இருக்கும்,
உள்ளுக்குள் மட்டும் பொங்கும்
அடுப்பில் மறந்த பால்போல.

அந்தி சாய்ந்ததும் பொங்கியது.
முந்நூறு கிலோமீட்டரில் படுத்திருந்த எலக்ட்ரான் படலம்
எழுந்தது; ஐந்நூறு, அறுநூறு, அதற்கும் மேலே.
உச்சியிலிருந்து வடக்கும் தெற்குமாக
காந்தக் கோடுகள் வழியே வழிந்து போனது.
எங்கள் தலைக்கு மேல் மிச்சம் ஒரு பள்ளம்.
பள்ளத்துக்குள்ளிருந்து குமிழிகள் கிளம்பி
திரையில் சிவப்பு இறகுகளாய் விரிந்தன.
"அடுத்த வருட நாட்காட்டிக்குப் படம் கிடைத்துவிட்டது"
என்றான் எஃப்ராயின்.
நான் சிரித்தேன். எழுதிவைத்தேன்.

எட்டு மாதம் கழித்து பஸ்தாசா ஆற்றில்
இரண்டு நாள் படகுப் பயணம்.
ஆச்சுவார் ஊரொன்றின் மருந்தகக் கூரையில்
சிறிய கருவி ஒன்றைப் பொருத்த வேண்டும்.
ரொசேந்தோ நாந்திப், அங்கே மருந்தும் ரேடியோவும் அவர் பொறுப்பு,
புளித்த மசாத்தோவை நீட்டிவிட்டு வெளியே போனார்.
மின்கம்பியைத் தேடி மேசையடியில் குனிந்தவள் கையில்
அவருடைய ரேடியோ நோட்டு.
ஏதோ ஒரு கூச்சத்தோடு
அந்தத் தேதியைப் புரட்டினேன்.

6.40. ஹெர்கோன் பாம்பு. சும்பி, ஒன்பது வயது, வலது பாதம்.
விஷமுறிவு மருந்து தீர்ந்துவிட்டது.
6.50. சான் லொரென்சோவைக் கூப்பிட்டேன். பதில் இல்லை.
7.05. பதில் இல்லை.
7.20. அலைவரிசை மாற்றினேன். பதில் இல்லை.
7.35. பதில்

அதற்குமேல் எழுத
மை போதவில்லையோ, மனம் போதவில்லையோ.

பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட
குரலைச் செங்குத்தாக மேலே எறிய வேண்டும்.
கூரை அதைப் பிடித்துக் கீழே போடும்.
அன்று கூரை இல்லை.
அவர் சொன்ன "பாம்பு", சொன்ன "பையன்",
எல்லாம் துளைத்துக்கொண்டு
நட்சத்திரங்களுக்குள் போய்விட்டன.
நான் இறகுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

7.50. கடற்சத்தம். ஒரு ஆள்.

அவர் பெயர் டெல்ஃபோர் பெரிச்சே, கணவாய் பிடிப்பவர்,
பாய்தா கரையிலிருந்து ஒரு நாள் ஓட்டத்தில் இருந்தார்.
குளத்தில் சாய்த்து எறிந்த ஓட்டுச்சில்லாய்
ஒரு குரல் மட்டும் தத்தி, மலை தாண்டி,
பசிபிக்கில் அவர் படகில் விழுந்திருக்கிறது.
நடுக்கடலில் பாம்பா என்று
இரண்டு தரம் கேட்டாராம்.
பிறகு துறைமுகத்தை அழைத்தார்,
துறைமுகம் மருத்துவமனைக்குத் தொலைபேசியது,
விடியலில் மோட்டார் படகு கிளம்பியது.
கூப்பிடு தூரத்தில் இருந்தவர்களுக்குக்
கடல் சொல்லித்தான் தெரிந்தது.

"அழகு" என்பதை நான் அடிக்கவில்லை.
அழகாகத்தான் இருந்தது.
பக்கத்தில் "வலது பாதம்" என்று சேர்த்தேன்.

மறுநாள் கூரையில் ஏறி ஆண்டெனா மாட்டும்போது
ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒரு பையன் வந்தான்.
மூன்று விரல் பாதத்தைக் கீழ்ப்படியில் ஊன்றி
"இது யாரைக் கூப்பிடும்?" என்று கேட்டான்.
யாரையும் கூப்பிடாது, சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் என்றேன்.
"அப்புறம் எதுக்கு?"

என் வாயில் திருகாணி இருந்தது.
பதில் இல்லை.